ஒரு தடவை அமுக்கினால் மூன்று எண் தாவுவது ஏன்?

குளச்சலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையை அவனுடைய பிரெட்போர்டு, அதாவது வயர்களைத் துளைகளில் செருகி சர்க்யூட் கட்டும் பலகை, பிடித்துக்கொண்டிருந்தது. அதில் 74எச்சி161 (74HC161) என்ற, எண்ணிக்கை வைக்கும் கவுண்டர் ஐசி ஒன்று, நான்கு சிவப்பு எல்இடி, ஒரு சின்ன புஷ் பட்டன். பட்டனை ஒரு தடவை அமுக்கினால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும். விளக்குகளுக்கு 1, 2, 4, 8 என்று மதிப்பு, எரிபவற்றைக் கூட்டினால் எண்ணிக்கை. அவ்வளவுதான் சர்க்யூட்.

"பாருங்க மாமா" என்று அமுக்கினான். எல்லா விளக்கும் அணைந்திருந்த வரிசையில் 1-க்கும் 2-க்கும் உரிய விளக்குகள் எரிந்தன. பூஜ்யத்திலிருந்து நேராக மூன்று. மறுபடி அமுக்கினான், நான்கு. அடுத்த அமுக்கில் ஒன்பது.

"ஐசி போயிட்டு மாமா. வேற வாங்கணும்."

"ஐசி ஒண்ணும் போவல்ல மக்களே. நீ ஒரு தடவ அமுக்குனேன்னு நினைக்க. அதுக்கு மூணு தடவ அமுக்குன மாதிரி தெரியுது. அது சரியாத்தான் எண்ணுது."

பிரெட்போர்டில் டிஜிட்டல் சர்க்யூட் போட்டுப் பழகும் எல்லாரும் வந்து முட்டி நிற்கும் இடம் இது. நான் பழகிய காலத்தில் இதே சந்தேகத்தில் நல்ல ஐசிகளைக் கழற்றிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அதனால் அன்று அவனோடு உட்கார்ந்து பார்த்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கிளாக் என்பது, கவுண்டர், ஃபிளிப்-ஃபிளாப், ஷிஃப்ட் ரெஜிஸ்டர் மாதிரியான ஐசிகளுக்கு "இப்போது செய்" என்று சொல்லும் கம்பி. அந்தக் கம்பியில் 5 வோல்ட் எவ்வளவு நேரம் நின்றாலும் 74எச்சி161 அசையாது. 0 வோல்ட் நின்றாலும் அசையாது. கீழேயிருந்து மேலே ஏறும் அந்த ஒரு கணத்தில் மட்டும் எண்ணிக்கையை ஒன்று கூட்டும். இந்த ஏற்றத்தை ஏறு விளிம்பு என்று சொல்லலாம். கவுண்டருக்குத் தெரிந்த உலகமே அந்த விளிம்புதான்.

மருமகன் கேட்ட கேள்வி நியாயமானது. "நான் ரெண்டு நொடிக்கு ஒரு தடவதான அமுக்குதேன். இவ்வளவு மெதுவா ஓடுற சர்க்யூட்ல நாய்ஸ் எப்படி வரும்?" நாம் மெதுவாக அமுக்குகிறோம் என்பது ஐசிக்குத் தெரியாது. 5 வோல்ட்டில் நொடிக்கு இரண்டு கோடி விளிம்புகளை எண்ணும் வேகம் அதற்கு உண்டு. ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோ நொடி. கிளாக் கம்பியில் ஐம்பது நானோ நொடிக்கு ஒரு துடிப்பு எழுந்து அடங்கினாலும், அது பார்க்கும், எண்ணும். சர்க்யூட் எத்தனை மெதுவானது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு விளிம்பும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிளாக் தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

சரி, அந்த மூன்று எங்கேயிருந்து வந்தது? பட்டனுக்குள் இருப்பது வளையக்கூடிய மெல்லிய உலோகத் தகடு. அமுக்கும்போது அது அடியிலுள்ள உலோகத்தில் மோதி, துள்ளி, மறுபடி மோதி, அப்புறம்தான் அடங்கும். சிமெண்ட் தரையில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி. எல்லாம் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடுவதால் விரலுக்கு அது ஒரே அமுக்கு. கிளாக் கம்பிக்கோ ஒவ்வொரு துள்ளலும் ஒரு ஏற்ற இறக்கம்.

துள்ளல் விஷயம் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து, மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் ஒன்றை, 1 மைக்ரோ ஃபேரட் அளவில், பட்டனுக்குக் குறுக்கே போட்டும் பார்த்திருக்கிறான். "அத போட்டா இன்னும் மோசமாவுது மாமா" என்றான். போடச் சொன்னேன். அமுக்கும்போது எண் அசையவில்லை. விரலை எடுத்ததும் ஒரே மூச்சில் ஏழு எண் தாவியது.

இதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. காரணம் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டது. அவனுடைய சர்க்யூட்டில் கிளாக் கால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் தொங்குகிறது. பட்டன் அதைக் கிரவுண்டுக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு, இழுக்கும். அமுக்கினால் கெப்பாசிட்டர் சட்டென்று காலியாகி வோல்டேஜ் விழும். அது இறங்கு விளிம்பு, 161 அதைக் கண்டுகொள்ளாது. விட்டதும் அந்த 10 கிலோ ஓம் வழியாகத்தான் கெப்பாசிட்டர் திரும்ப நிரம்ப வேண்டும். 10 கிலோ ஓமை 1 மைக்ரோ ஃபேரடால் பெருக்கினால் 10 மில்லி நொடி. ஏறு விளிம்பு அத்தனை நேரம் எடுத்து ஊர்ந்து ஏறுகிறது. 74எச்சி161-க்கான டேட்டாஷீட்டை, அதாவது தயாரித்தவர்கள் தரும் விவரத் தாளை, பிரித்தால், 4.5 வோல்ட் சப்ளையில் உள்ளே வரும் சிக்னல் 500 நானோ நொடிக்குள் ஏறி முடிய வேண்டும் என்று போட்டிருக்கும். நாம் கொடுப்பது அதைவிட இருபதாயிரம் மடங்கு மெதுவானது.

மெதுவாக ஏறினால் என்ன கெட்டுப்போகும்? இதை மேசையில் உட்கார்ந்து விளக்க எனக்கு வரவில்லை. எழுந்து கடற்கரைக்குப் போனோம், ஐந்து நிமிட நடைதான். கரையோரப் பாறை ஒன்றில் குறுக்காக ஒரு வெடிப்பு இருக்கிறது. கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம். "தண்ணி அந்த வெடிப்ப எத்தன தடவ மூடுதுன்னு எண்ணு" என்றேன். முதலில் எந்த அலையும் அதை எட்டவில்லை. அப்புறம் ஒன்று மூடி விலகியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு அலைக்கு ஒன்று மூடியது, பிறகு எல்லாமே மூடின, ஆனாலும் அலை பின்வாங்கும்போது வெடிப்பு திரும்பத் தெரிந்தது. நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டு, "போதும் மாமா" என்றான். கடல் ஏறியது ஒரே தடவை. வெடிப்பு மூடித் திறந்தது நாற்பது தடவை.

கிளாக் காலுக்குள் நடப்பதும் இதுவே. அந்த வெடிப்பு மாதிரி ஐசிக்குள் ஒரு வரம்பு உண்டு. 74எச்சி என்று பெயர் தொடங்கும் ஐசிகளின் குடும்பத்தில் அது சப்ளையின் பாதிக்குப் பக்கத்தில், அதாவது 5 வோல்ட்டில் சுமார் இரண்டரை வோல்ட்டில் இருக்கும். அதற்குக் கீழே 0, மேலே 1. கம்பியில் எப்போதும் இரைச்சல் என்னும் குட்டிக் குட்டி அலைகள் இருக்கின்றன, அவற்றை முழுதாக ஒழிக்க முடியாது. வோல்டேஜ் வரம்பை ஒரே பாய்ச்சலில் கடந்தால் அலைக்கு வேலையில்லை. வரம்புக்குப் பக்கத்திலேயே நின்று நிதானமாக ஏறினால், ஒவ்வொரு குட்டி அலையும் ஒரு தனி விளிம்பாகிவிடும்.

தீர்வும் அந்தப் பாறையிலேயே இருக்கிறது. ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடு போடுங்கள், ஒன்று மேலே, ஒன்று இரண்டு முழம் கீழே. மேல்கோட்டைத் தண்ணீர் தொட்டால் "மூடியது" என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு கீழ்க்கோட்டுக்கும் கீழே வற்றினால்தான் "திறந்தது" என்று ஒப்புக்கொள்வோம். நடுவில் அலை எத்தனை ஆடினாலும் கணக்கில் சேராது. கடல் ஒருமுறை ஏறினால் எண்ணிக்கை ஒன்றுதான். இப்படி இரண்டு வரம்பு வைத்து வேலை செய்யும் உள்வாசலுக்கு ஷ்மிட் டிரிகர் என்று பெயர். 74எச்சி14 ஐசியில் இப்படிப்பட்ட இன்வெர்ட்டர்கள், அதாவது 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டித் தருபவை, ஆறு இருக்கின்றன. 5 வோல்ட்டில் அதன் மேல் வரம்பு சராசரியாக 2.7 வோல்ட் பக்கம், கீழ் வரம்பு 1.7 பக்கம். சுமார் ஒரு வோல்ட் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அடங்கும் இரைச்சல் எதுவும் வெளியே வராது.

இதைக் கண்டுபிடித்த ஓட்டோ ஷ்மிட் ஒரு அமெரிக்க உயிரியற்பியலாளர். 1934-இல் மாணவராக இருந்தபோது கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தூண்டினால் சும்மா இருந்துவிட்டு, ஒரு அளவைத் தாண்டியதும் முழுசாகத் துடிக்கும் அந்த நரம்பைப் போல ஒரு சர்க்யூட்டை அந்தக்கால ரேடியோவில் இருந்த மாதிரியான வால்வுகளைக் கொண்டு கட்டினார். 1938-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். குளச்சல் கடற்கரையில் நின்று இதைச் சொன்னபோது மருமகனுக்கு நம்ப முடியவில்லை. ஏலத்தில் குவித்துப் போட்டிருக்கும் கணவாயை அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிறான்.

திரும்பி வந்து 74எச்சி14-ஐச் செருகினோம். அதன் 14-ஆம் கால் 5 வோல்ட்டுக்கு, 7-ஆம் கால் கிரவுண்டுக்கு. பட்டன், 10 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபேரட் மூன்றும் சேரும் இடத்திலிருந்து ஒரு வயர் அதன் 1-ஆம் காலுக்கு. 2-ஆம் காலிலிருந்து வருவதுதான் இனிமேல் கிளாக், அது 161-இன் 2-ஆம் காலுக்குப் போகிறது. மீதி ஐந்து இன்வெர்ட்டர்களின் உள்கால்களையும், அதாவது சிக்னல் உள்ளே போகும் கால்களையும், கிரவுண்டில் கட்டிவிட்டோம். ஏன் என்று கீழே சொல்கிறேன். இது இன்வெர்ட்டர் என்பதால் பட்டனை அமுக்கும்போது வெளியே ஏறு விளிம்பு வரும். கணக்கைப் பார்த்தால், காலியான கெப்பாசிட்டர் மேல் வரம்புக்கு ஏற எட்டு மில்லி நொடி பக்கம் ஆகும். பட்டன் நடுவில் துள்ளித் திறக்கும் நேரம் அதைவிடக் குறைவு, அதனால் துள்ளல் வெளியே தெரியாது. பட்டனோடு தொடராக ஒரு 100 ஓம் போட்டால் நல்லது. கெப்பாசிட்டர் காலியாகும் கரண்ட் மொத்தமும் பட்டனின் மெல்லிய தகட்டைப் பதம்பார்க்காமல் இருக்கும்.

அமுக்கினான். ஒன்று. இரண்டு. மூன்று. அவன் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஐம்பது தடவை அமுக்கினால் இரண்டு மூன்று தடவை பிசகியது. இங்கேதான் பலரும் அலுத்துப்போய் எல்லா வயரையும் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்க வேண்டாம், ஒரு தாளை எடுத்து எந்த எண்ணில் பிசகுகிறது என்று எழுதுங்கள். அவன் எழுதியதில் 7-க்கு அடுத்தும் 15-க்கு அடுத்தும்தான் பெரும்பாலும் பிசகியிருந்தது. அந்த இரண்டு இடத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. 7-இலிருந்து 8-க்குப் போகும்போது நான்கு வெளிக்கால்களும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. 15-இலிருந்து 0-க்குப் போகும்போதும் அப்படியே.

நான்கு எல்இடியும் 330 ஓம் வழியாக ஆளுக்கு ஒன்பது மில்லி ஆம்பியர் எடுக்கின்றன. 15-இலிருந்து 0-க்கு மாறும்போது 36 மில்லி ஆம்பியர் சில நானோ நொடிகளில் நின்றுபோகிறது. கரண்ட் சட்டென்று மாறுவதை எந்த வயரும் எதிர்க்கும். அதுதான் இண்டக்டன்ஸ். சாதாரண வயரில் ஒரு மில்லி மீட்டருக்குச் சுமார் ஒரு நானோ ஹென்றி. அவனுடைய சப்ளை வயர் இருபது சென்டி மீட்டர் நீளம், அதாவது 200 நானோ ஹென்றி. 36 மில்லி ஆம்பியர் பத்து நானோ நொடியில் மாறினால் அந்த வயரின் இரு முனைக்கும் நடுவே 0.7 வோல்ட் எழும். கிரவுண்டு என்று நாம் நம்பியிருப்பது அந்த நொடிப்பொழுதுக்குக் கிரவுண்டாக இல்லை. பாறையே குதித்தால் கோடும் கூடவே குதிக்கும், இல்லையா? கடல் அசையாமல் இருந்தாலும் தண்ணீர் கோட்டைத் தாண்டியதாகிவிடும்.

இதற்கு மருந்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் 0.1 மைக்ரோ ஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர். மேலே 104 என்று அச்சடித்திருக்கும். ஐசிக்கு அவசரமாகத் தேவைப்படும் கரண்டை, தூரத்துச் சப்ளையிலிருந்து வரும்வரை காத்திருக்க விடாமல், பக்கத்திலிருந்தே கொடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போர்டின் ஒரு கோடியில் நான்கைச் சேர்த்து வைத்துப் பயனில்லை. ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் காலுக்கும் கிரவுண்டுக் காலுக்கும் நடுவே, காலை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டி வையுங்கள். போர்டுக்குச் சப்ளை வந்து சேரும் இடத்தில் 100 மைக்ரோ ஃபேரட் ஒன்று போதும். சப்ளை வயர்களையும் பாதியாகக் குறைத்தோம். 7-உம் 15-உம் சரியாகிவிட்டன.

அடுத்தது எதிர்பாராமல் பிடிபட்டது. அக்கா அடுக்களையில் தேங்காய் அரைக்க மிக்சியைப் போட்டாள். யாரும் பட்டனைத் தொடவில்லை, எல்இடிகள் மின்னி நின்றன. அப்புறம் ஒரு தடவை அமுக்கினால் எண் சம்பந்தமே இல்லாத இடத்துக்குப் போனது. நான் விரலை 161-இன் 9-ஆம் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்படி வைத்துக்கொண்டு அவனை அமுக்கச் சொன்னதும் எண் கலைந்தது. அந்தக் கால் எதிலும் கட்டப்படாமல் அந்தரத்தில் இருந்தது. 9-ஆம் கால் 0 ஆனால், அடுத்த கிளாக்கில் கவுண்டர் எண்ணுவதை விட்டுவிட்டு 3 முதல் 6 வரையுள்ள கால்களில் இருப்பதை ஏற்றிக்கொள்ளும். எச்சி குடும்பத்தின் உள்கால் கரண்ட் ஏதும் எடுக்காது என்றே சொல்லலாம். அதனால் கட்டாமல் விட்ட கால் ஒரு ஆண்டெனா. மிக்சி மோட்டாரின் பொறி, டியூப்லைட் சோக், வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் எல்லாம் அதில் வந்து உட்காரும். 161-இல் 1, 7, 9, 10 ஆகிய நான்கு கால்களும் 5 வோல்ட்டில் கட்டப்பட வேண்டும், 3 முதல் 6 வரை கிரவுண்டில். 74எச்சி14-இல் மீந்த உள்கால்களைக் கட்டியதும் இதற்காகத்தான். கிளாக் பிசகு என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு உண்மையில் இந்த அந்தரக் கால்கள். மறுநாள் மிக்சியைப் போட்டுவிட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை.

கடலோர வீடுகளுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் காற்றில் உப்பு எப்போதும் இருக்கிறது, நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிறது. திறந்து வைத்த பிரெட்போர்டின் உள்ளே இருக்கும் கிளிப்புகளும் ரெசிஸ்டர் கால்களும் கறுத்துவிடும். அவன் ஒரு ஜம்பர் வயரை உருவியபோது முனை மங்கிப்போயிருந்தது. கறுத்த காலை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துச் செருகினால் தொடர்பு உறுதியாகும். கிளாக் வயரை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டும்போது எண் ஓடினால் குற்றம் அந்தத் துளையில், பக்கத்து வரிசைக்கு மாற்றுங்கள். வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் போட்டு வைப்பது நல்லது.

பட்டனுக்குப் பதிலாக, தானாகவே துடிப்பு தரும் 555 டைமர் ஐசியை வைத்துக் கிளாக் எடுப்பவர்களுக்கு: 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபேரட் போட்டால் ஏறக்குறைய நொடிக்கு ஒரு துடிப்பு. அதன் 5-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோ ஃபேரட் போடாமல் விடாதீர்கள். பழைய பைபோலார் 555 ஒவ்வொரு முறை புரளும்போதும் சப்ளையிலிருந்து ஒரு பெரிய இழுப்பு இழுக்கும், மற்ற ஐசிகளெல்லாம் ஆடிப்போகும். அதன் 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபேரடும் ஒரு பெரிய கெப்பாசிட்டரும் சேர்த்துப் போடுங்கள். அல்லது சீமாஸ் (CMOS) வகை 555 வாங்குங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கையில் சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லையே என்று கவலை வேண்டாம். மல்டிமீட்டர் இதற்கு உதவாது, ஐம்பது நானோ நொடித் துடிப்பு அதன் கண்ணில் படாது. ஆனால் கவுண்டரே ஒரு நல்ல கருவி. அது எண்ணுவது நாம் அமுக்குவதைவிடக் கூடினால் கூடுதல் விளிம்பு இருக்கிறது என்று அர்த்தம். சப்ளை மேல் சந்தேகமா? மொபைல் சார்ஜரைக் கழற்றிவிட்டு மூன்று பேனா பேட்டரியைத் தொடராகக் கட்டுங்கள். எச்சி குடும்பம் 2 முதல் 6 வோல்ட் வரை ஓடும், 4.5 வோல்ட் தாராளம். பேட்டரியில் சரியாக ஓடினால் குற்றவாளி சார்ஜர்.

மறுவாரம் இரண்டாவது 161-ஐச் சேர்த்து எட்டு விளக்காக்கினான். ஒரே கிளாக் இரண்டு ஐசிக்கும் போனது. முதலாவது 15-ஐ எட்டியதைச் சொல்லும் அதன் 15-ஆம் காலை, இரண்டாவதன் 10-ஆம் காலில் 5 வோல்ட்டுக்குப் பதிலாகக் கட்டியிருந்தான். முதல் ஐசி சரியாக எண்ண, இரண்டாவது இடையிடையே இரண்டு தாவியது. பார்த்தால், இரண்டாவதற்குப் போகும் கிளாக் வயர் போர்டைச் சுற்றி ஒரு முழம் வளைந்து, எல்இடி வயர்களோடு ஒட்டிக்கொண்டே போயிருந்தது. வேகமான விளிம்பு நீள வயரின் கோடியில் மோதித் திரும்பும், அந்த முனையில் வோல்டேஜ் மேலும் கீழுமாக ஆடும். ஒட்டிக்கிடக்கும் பக்கத்து வயரின் துடிப்பும் இதில் தொற்றும். வயரைக் குட்டையாக்கி, போர்டோடு படிய வைத்து, மற்ற வயர்களிலிருந்து விலக்கி, 74எச்சி14-இன் வெளிக்காலில் தொடராக ஒரு 47 ஓம் ரெசிஸ்டர் போட்டோம். விளிம்பை அது மிகக் கொஞ்சம் மழுக்கி ஆட்டத்தை அடக்குகிறது. அந்த அளவுக்கு மழுங்குவதால் 500 நானோ நொடி வரம்புக்கு ஒன்றும் ஆகாது.

எண்ணுவதை நடுவில் நிறுத்தி வைக்க அவன் கிளாக் வயரில் ஒரு ஆண்ட் கேட்டை, அதாவது இரண்டு உள்கால்களும் 1 ஆனால் மட்டும் 1 தரும் வாசலை, செருகப் பார்த்தான். நான் விடவில்லை. கேட்டைத் திறந்து மூடும் கணம் கிளாக்கோடு பொருந்தாவிட்டால் அரைகுறைத் துடிப்பு ஒன்று வெளியே போகும், அதையும் கவுண்டர் எண்ணும். நிறுத்தி வைக்கத்தான் 7-ஆம், 10-ஆம் கால்கள் இருக்கின்றன.

அப்புறம் எண்ணிப் பார்த்தோம். பூஜ்யத்தில் தொடங்கி அவன் அமுக்க அமுக்க நான் சத்தமாக எண்ணினேன். அக்கா மிக்சியை இரண்டு தடவை போட்டு நிறுத்தினாள், டியூப்லைட்டும் ஒருமுறை அணைந்து எரிந்தது. நூறாவது அமுக்கில் கையை எடுத்தான். எட்டு விளக்கில் மூன்று எரிந்தன: அறுபத்துநான்கு, முப்பத்திரண்டு, நான்கு.